பதில் போடாதவர்

"அடுத்த மாசத்துலேருந்து பேச்சு சுத்தமா நின்னுடுங்களா சார்?"

"நின்னுடும் டீச்சர். நானும் எவ்வளவோ பாத்துட்டேன், அந்த மனுஷன் திரும்பிக்கூடப் பாக்கல. நாளைக்கு அநாதைன்னு அறிவிச்சிட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு ஆசீர் போனை வைத்தார்.

பஸ்ஸில் முன் சீட்டு அம்மாள் கண் கலங்கத் திரும்பினார். "யாருக்குங்க தம்பி? கொழந்தைக்கா?"

"இல்லீங்கம்மா. கம்ப்யூட்டருக்கு."

ஏமாற்றப்பட்டவர் போல அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எப்படிப் புரியவைப்பது? சம்பளம் வாங்காத ஆட்கள் உலகம் பூராவிலிருந்தும் கூடி நடத்துகிற லினக்ஸ் அது, விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்குகிற மென்பொருள் தொகுப்பு. அதில் ஒவ்வொரு மென்பொருளையும் யாராவது ஒருவர் தன் பொறுப்பில் வைத்திருப்பார். பழுது வந்தும் அவர் எட்டிப் பார்க்கவில்லை என்றால் அதற்கு அநாதை என்று பெயர். அடுத்த பதிப்பில் அதற்கு இடமில்லை.

தமிழ்க் குழுவில் அந்தக் கழித்துக்கட்டும் வேலை ஆசீருடையது. அது மட்டுமா? விலகிப் போனவர்கள் விட்டுச் சென்ற சில்லறை வேலைகளும் ஒவ்வொன்றாக அவர் தலையில்தான் விழுந்திருந்தன. துவாக்குடியில் கம்பெனி வேலை முடித்து வந்து, மிச்ச நேரத்தில் இதையெல்லாம் பார்க்க வேண்டும்.

இப்போது சிக்கியிருப்பது 'வாசிப்பான்'. திரையில் இருக்கும் தமிழை உரக்கப் படித்துக் காட்டும். காட்டூர் லிசி டீச்சருக்குக் கண் பார்வை கிடையாது. பாடம் தயாரிப்பதும் கேள்வித்தாள் அடிப்பதும் அந்தக் குரலை நம்பித்தான்.

அதைக் கவனிக்க வேண்டியவர் ஸ்ரீரங்கத்துக்காரர், பத்ரிநாராயணன். ஆசீர் அவருக்கு மெயில் போட்டார். குழுவில் எல்லோருக்கும் போகிற பொது மடலில் கெஞ்சினார், பிறகு எச்சரித்தார். பதில் இல்லை. விசாரித்து விலாசம் வாங்கி, லீவு நாளும் அதுவுமாக நேரிலேயே கிளம்பிவிட்டார்.

காவிரிப் பாலத்தில் பஸ் நகரவே மாட்டேன் என்றது. போனில் தினமும் வரும் தானியங்கி அறிவிப்பு ஒன்று வந்து விழுந்தது: 'அனுமதிக்குக் காத்திருப்பவை'. வேறு வேலை இல்லை என்று முணுமுணுத்தபடி, திறக்காமலே விரலால் தள்ளிவிட்டார்.

உத்திர வீதியில் வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. கதவைத் திறந்தவருக்கு நாற்பது வயது இருக்கும்.

"நான் ஆசீர். தமிழ்க் குழுவிலேருந்து வரேன். வாசிப்பான் விஷயமா..."

"வாங்கோ வாங்கோ! ஒருவழியா மனுஷா ஒருத்தர் வந்தேளே! உள்ளே வாங்கோ. தீர்த்தம் தரட்டுமா?"

"தண்ணி இருக்கட்டும் சார்." அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஆசீருக்குப் பொங்கி வந்தது. "முடியலன்னா முடியலன்னு ஒரு வரி எழுதக் கூடாதா? கண்ணு தெரியாத ஒரு டீச்சர் தினம் போன் பண்ணி அழுவுறாங்க. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

பத்ரியின் முகம் சிவந்தது. "நான் எழுதலையா? எழுதி எழுதி விரல் தேஞ்சு போச்சு சார்! நீங்கள்லாம்தான் கண்டுக்கலே."

லேப்டாப்பைத் திறந்து ஆசீர் பக்கம் திருப்பினார். பழைய கம்பெனியை விட்டதும், ஆசீர் எழுதிய அந்த மெயில் விலாசம் போய்விட்டது. குழுவின் மடல்களை இணையத்தில் படித்து, புது விலாசத்திலிருந்து பொது மடலுக்கே பதில் அனுப்பியிருந்தார். ஒன்றல்ல, அடுக்கடுக்காக. வாசிப்பானின் பழுதையும் எப்போதோ சரிசெய்து கூடவே இணைத்திருந்தார்.

ஆசீர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "இதுல ஒண்ணுகூட எங்களுக்கு வரலையே சார்!"

"எப்படி வரும்? புது விலாசம்னா மாடரேட்டர்னு ஒருத்தர் பாத்து அனுமதிச்சாத்தான் உள்ளே விடுமாம். ஒவ்வொரு தடவையும் 'அவர் அனுமதிக்குக் காத்திருக்கிறது'ன்னு தானா ஒரு பதில் வரும். அதோட சரி. நானும் வெறுத்துப்போய் விட்டுட்டேன்."

லிசி டீச்சரின் குரல் ஆசீரின் காதில் கேட்டது. செய்து முடித்த வேலை வாசலிலேயே கிடந்திருக்கிறது. பாவம், இந்த மனிதரை ஊரெல்லாம் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்! கோபம் இப்போது வேறு பக்கம் திரும்பியது.

"பொறுப்பை வாங்கி வச்சுக்கிட்டுத் தூங்கியிருக்கான் சார் அவன்! இவனை மாதிரி ஆளுங்களாலதான் எல்லாமே அநாதையாப் போவுது. யாரு அந்த மாடரேட்டர்? பேரைச் சொல்லுங்க, இன்னிக்கே தூக்கிடறேன்."

"பேரா? அதை நான் பாக்கலையே. இருங்கோ, அடியில ஏதோ பொடி எழுத்துல இருக்கு."

பத்ரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து ஆசீரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், வாசல்ல உங்க பேர் ஆசீர்னுதானே சொன்னேள்?"