மஞ்சளாய் நின்ற ஆரத்தி

ஆரத்தித் தட்டில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டு, சசிகலா ஒரு தரம் சமையலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். நல்லவேளை, யாரும் வரவில்லை.

அதுவரை செக்கச்செவேலென்று இருந்த தண்ணீர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெறும் மஞ்சளாகிப் போனது.

"இப்ப வரட்டும் மகாராணி" என்று முணுமுணுத்தாள்.

மகாராணி வேறு யாருமில்லை, ஓரகத்தி சோபனாதான். கொழுந்தனின் பெண்டாட்டி, கெமிஸ்ட்ரி படித்தவள். பிரசவத்துக்குக் கம்பைநல்லூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தவள், பெண் குழந்தையோடு இன்றைக்குத்தான் கடத்தூருக்குத் திரும்புகிறாள். வாசலில் சொந்தபந்தம் மொத்தமும் கூடி நிற்கிறது.

சசிகலாவுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? மூத்த மருமகள் இவள். எத்தனையோ கோயில், எத்தனையோ ஆஸ்பத்திரி, ஒன்றும் தங்கவில்லை. நேற்று வந்தவளோ, வந்த வேகத்தில் பிள்ளையைப் பெற்றுக்கொண்டு காரில் வந்து இறங்கப்போகிறாள். இந்த வீட்டில் எதற்கெடுத்தாலும் சோபனா, சோபனாதான்!

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். காலையில் மாமியார் தீர்த்தம்மாள் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஆரத்திய மட்டும் கரைச்சு வெச்சுரு சசி. நம்ம ராமக்கா வந்து சுத்தட்டும். நாலு புள்ள பெத்த கையி."

கரைக்க மட்டும் இவள் கை வேண்டும், சுற்றுவதற்கு ஆகாதாம்!

'சுத்துங்க, நல்லாச் சுத்துங்க' என்று கருவிக்கொண்டாள். மாமனாரின் அக்கா ராமக்காளுக்குக் கண் மங்கல். தண்ணீர் மஞ்சளா சிவப்பா என்று அவளுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் ஊர் பார்க்கும். 'ஆரத்தி செவக்கலையே, அபசகுனமாச்சே' என்று சோபனாவின் காதுபட நாலு பேர் பேசுவார்கள். அது போதும் சசிகலாவுக்கு.

இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்ததே சோபனாதான் என்பது இன்னொரு வேடிக்கை. சாயங்காலமானால் வாசலில் பத்தாவது படிக்கிற பிள்ளைகளை உட்காரவைத்து டியூஷன் எடுப்பாள்.

"மஞ்சள் ஒரு நிறங்காட்டி. சுண்ணாம்பு காரம், அது பட்டா மஞ்சள் செவக்கும். எலுமிச்சை அமிலம், அதப் புழிஞ்சா மறுபடி மஞ்சளாவே ஆயிரும். ஆரத்தி எப்படிச் செவக்குதுன்னு இப்பத் தெரியுதா?"

"எஞ்சின்ன மருமவ அறிவு யாருக்கு வரும்!" என்று மாமனார் பூரித்துப்போவார். அத்தனை பேருக்கும் உள்ளே டீ போட்டுக்கொண்டிருக்கும் சசிகலா, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

வெளியே கார் ஹாரன் அடித்தது.

"சசி! தட்ட எடுத்துகிட்டு ஓடியா!"

வெற்றிலைமேல் கற்பூரத்தை வைத்து எடுத்துப்போய் ராமக்காளிடம் நீட்டினாள். தீர்த்தம்மாள் குறுக்கே வந்தாள்.

"நீயே சுத்து கண்ணு."

"நானா? பெரியத்தைதான் சுத்தணும்னீங்களே அத்த?"

"சொன்னேன். இவ போன்லயே அடம் புடிச்சுட்டா. 'சசியக்கா சுத்துனாத்தான் எம்புள்ளைய வூட்டுக்குள்ள கொண்டாருவேன், இல்லீனா இப்படியே திரும்பிருவேன்'ங்கறா. நாந்தான் புத்திகெட்டுப்போய்ப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத."

ஐயோ, ஓடிப்போய் வேறு கரைக்கலாமென்றால், சோபனா குழந்தையோடு படிக்குக் கீழே வந்து நின்றுவிட்டாளே!

பக்கத்து வீட்டு கோகிலா தட்டை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, ஆரத்தி மஞ்சளா கெடக்குது?"

அத்தனை பேரும் தட்டைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"பச்சப்புள்ள வர்ற நேரத்துலயா?" ராமக்காள் மோவாயில் கை வைத்தாள்.

"புள்ள இல்லாதவ கை பட்டா அப்படித்தான் ஆவும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது சசிகலாவுக்கு.

சோபனா தட்டைப் பார்த்தாள். சசிகலாவின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி தட்டைப் பார்த்தாள்.

"மஞ்சள மட்டும் கரைச்சு வெய்யுங்கக்கான்னு நாந்தாங்க சொன்னேன்" என்றாள் சத்தமாக. "என் டியூஷன் புள்ளைங்க எல்லாம் வந்திருக்குதுங்கல்ல? அதுங்க கண்ணு முன்னால செவக்க வெக்கலாம்னுதான். பெரியத்த, உங்க சுண்ணாம்பு டப்பாவக் குடுங்க."

ராமக்காள் சுருக்குப்பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, சோபனா ஒரு கிள்ளு சுண்ணாம்பைத் தட்டில் போட்டாள். விழுந்த இடம் மட்டும் சிவந்தது. அடுத்த நொடியே அதுவும் மஞ்சளாகிவிட்டது.

"செவக்கலையே மிஸ்?" என்று கேட்டாள் ஒரு மாணவி.

சசிகலா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தீர்ந்தது கதை. கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு இதற்குமேல் என்ன புரிய வேண்டியிருக்கிறது?

"செவக்கும், செவக்கும். சுண்ணாம்பு கொஞ்சம் பத்தலை" என்றாள் சோபனா. டப்பாவை வழித்து, இருந்த அத்தனையையும் போட்டுக் கலக்கினாள்.

தட்டு முழுக்க ரத்தச் சிவப்பானது. பிள்ளைகள் கைதட்டினார்கள். போன உயிர் திரும்பி வந்தவளாய்த் தீர்த்தம்மாள் தீப்பெட்டி எடுக்க உள்ளே ஓடினாள்.

சசிகலா தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீரில் எதிரே இருப்பது எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொள்கிற சாக்கில், சோபனா அவள் காதருகே குனிந்தாள்.

"எலுமிச்சங்கொட்டை ஒண்ணு மெதக்குதுங்கக்கா. யாரும் பாக்கறதுக்குள்ள எடுத்துட்டு, அப்பறம் சுத்துங்க."