வெளியே தெரியாத மெஷின்

"இங்க வா. இதெல்லாம் யார் தேடினது?"

பழைய சாமான் கடைக்காரர் போனை மகளின் முகத்துக்கு நேராக நீட்டினார். வீட்டுக்கே அந்த ஒரு போன்தான். கடைக்கு வந்த வாஷிங் மெஷின் புதுசாக என்ன விலை என்று பார்க்க, தேடும் இடத்தைத் தொட்டிருக்கிறார். ஏற்கெனவே தேடியதெல்லாம் வரிசையாக வந்து நின்றுவிட்டது.

ஏழாவது படிக்கிற மகளுக்கு முகம் வெளுத்தது.

"நான்தான்பா."

"என்ன?"

"நான்தான்."

"சத்தமா படி. உங்க அம்மாவும் கேக்கட்டும்."

பெரியவர்கள் இரண்டு வார்த்தையில் தேடுவார்கள். பிள்ளைகள் பக்கத்து பெஞ்சு சிநேகிதியிடம் கேட்கிற மாதிரி முழுசாகக் கேட்கிறார்கள். மகள் படித்தாள்.

'காதுக்குள்ள வெளியே தெரியாம வைக்கிற மெஷின் பேர் என்ன?'

'அதை வெச்சிருந்தா மத்தவங்க கண்டுபிடிப்பாங்களா?'

'கோவக்கார அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?'

தையல் மெஷினை நிறுத்திவிட்டு அம்மா எழுந்து வந்தாள்.

"கேட்டியா? நாளைக்குப் பரீட்சை, இன்னைக்கு காதுல வைக்க மெஷின் தேடுறா உன் பொண்ணு. வெளியே ஒருத்தி பதில் சொல்லுவா, இவ உள்ளே உக்காந்து எழுதுவா."

"என்னங்க, அவ அப்படிப்பட்டவ இல்ல. முழுசா கேட்டுட்டுப் பேசுங்க."

"என்கிட்டயேவா? துருவுக்கு மேல பெயின்ட் அடிச்சுக் கொண்டு வர்றவனை வாசல்லயே கண்டுபிடிக்கிறவன் நான்."

அவரும் அப்படிப் பெயின்ட் அடித்துத்தான் விற்கிறார் என்பது வேறு விஷயம்.

ஸ்கூல் பையைத் தலைகீழாகக் கொட்டினார். நோட்டு, ஸ்கேல், பென்சில் பெட்டி. நோட்டுக்குள்ளிருந்து ஒரு துண்டுக் காகிதம் விழுந்தது. அதில் ஒரு போன் நம்பர். கீழே, 'அஞ்சு மணிக்கு மேல பேசணும்.'

"யார் நம்பர் இது?"

"அந்த மெஷின் விக்கிற கடைப்பா."

"அஞ்சு மணிக்கு மேல தொறக்கிற கடை என்ன கடை? கொஞ்ச நாளாவே இந்த வீட்ல எல்லாம் குசுகுசுதான். அப்பவே நினைச்சேன்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

"எதுக்கு அந்த மெஷின்? உள்ளதைச் சொல்லு. இல்லேன்னா காலைல நானே ஸ்கூலுக்கு வந்து டீச்சர்கிட்ட இந்த போனைக் காட்டுவேன். பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"சொன்னா திட்டுவீங்க."

"சொல்லலேன்னாலும் திட்டுவேன்."

கடைக்காரர் சட்டென்று திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

அது அவருடைய தொழில் வித்தை. விலை படியவில்லையென்றால் எதிராளிக்கு முதுகைக் காட்டிவிடுவார். முகத்தைப் பார்த்தால் முறைத்துக்கொண்டு நிற்பவன், முதுகைப் பார்த்தால் தானாக இறங்கி வருவான். இருபது வருஷமாக அந்த முதுகுதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. இந்த ஒரு வருஷமாகத்தான் பலிப்பதில்லை. திரும்பிப் பார்த்தால் வந்தவன் போயே போயிருப்பான். ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போவதில்லை. காலம் அப்படிக் கெட்டுக் கிடக்கிறது.

மகளாவது இறங்கி வருவாள் என்று ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தபடி மனசுக்குள் எண்ணினார். பத்து. இருபது. பின்னால் சத்தமே இல்லை.

அழுத்தக்காரி. அப்பனை உரித்து வைத்திருக்கிறாள்.

நாற்பது வரை எண்ணினார். அதற்கு மேல் பொறுமை இல்லை. திரும்பினார்.

"வாயைத் தைச்சு வெச்சிருக்கியா? இவ்வளவு நேரமா ஒருத்தன் காத்துக்கிட்டு நிக்கறேன், வாயைத் திறந்தா என்ன?"

மகளின் கன்னமெல்லாம் ஈரம். அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மகள் இரண்டடி முன்னால் வந்து, அவர் முகத்துக்கு நேராக நின்று, சத்தமாகச் சொன்னாள்.

"நாலு தடவை சொல்லிட்டேன்பா. அந்த மெஷின் உங்களுக்குத்தான்."