கன்னியாவுக்குப் போகாத பின்னேரம்

திருகோணமலைத் துறைமுகத்துச் சீமெந்துக் கட்டின்மேல் மிதுலா சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். நோர்வேயிலிருந்து மூன்று மாதம் படிக்க வந்தவளுக்கு இது ஊர் சுற்றும் மூன்றாம் நாள். கோணேசர் கோயில், கோட்டைக்குள் திரியும் மான்கள், சல்லிக் கடற்கரை எல்லாம் பார்த்தாயிற்று. குதிகாலில் கொப்புளம் உடைந்து எரிகிறது. பின்னேர வெயில் தண்ணீரில் தகரம்போல் கிடந்து கண்ணைக் கூசவைக்கிறது. கட்டியிருக்கும் வள்ளங்கள் ஒன்றோடொன்று உரசி முனகுகின்றன. காற்றில் டீசலும் கருவாடும் மணக்கின்றன. வகுப்புத் தோழி ஸல்ஹா, இவளுக்காகவே தினமும் கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வருகிறவள், பார்க்கவேண்டிய இடங்களை எழுதி வைத்திருக்கும் தாளை விரித்துப் பார்க்கிறாள். “இன்னும் கன்னியா வெந்நீர்க் கிணறு இருக்கு. போவமா?” அவள் முகத்தில் சிரிப்புக் குறையவில்லை. அந்தச் சிரிப்புக்காகவே மூன்று நாளும் ‘ஓம்’ என்று சொல்லி வந்த மிதுலாவுக்கு இப்போது அந்தச் சொல் வரவில்லை. “எனக்கு ஏலாது ஸல்ஹா. குறை நினைக்காதேங்கோ.” ஸல்ஹா தாளை நான்காக மடிக்கிறாள். கோபமோ என்று மிதுலா அவள் முகத்தைப் பார்க்கிறாள். ஸல்ஹா அவளருகே பொத்தென்று உட்கார்கிறாள். “எனக்கும் ஏலா. நீங்க ஆசப்படுறீங்க எண்டுதான் நானும் நடந்தன்.” பிறகு வெகுநேரம் ஒருத்தி எதையும் காட்டவில்லை, மற்றவள் எதையும் பார்க்கவில்லை.