அடுத்த பஸ்

என் மகள் இதழினிக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரியும். ஆறாம் வகுப்பில் பள்ளி தந்த, கேமரா வைத்த காதுக்கருவி, அவள் பார்க்கும் எழுத்தையெல்லாம் நான் பதிவு செய்து கொடுத்த என் குரலில் வாசித்துச் சொல்லும். ப்ளஸ் டூ முடிந்ததும் குரலை மாற்றிவிட வேண்டும் என்பது பள்ளியின் விதி.

அவள் வேலைக்குப் போகும் முதல் நாள், பேருந்து நிறுத்தத்தில் கேட்டேன். “யார் குரல் வச்சிருக்க?”

“என்னோடதுதான்மா.”

“என் குரலுக்கு என்னடி?”

“நீ ஒவ்வொரு தடவையும் ‘சீக்கிரம் படி’ன்னு முடிப்பம்மா.”

அப்படிப் பதிவு செய்தது எனக்கு நினைவேயில்லை.

அவள் கருவியைக் கழற்றி என் காதில் வைத்தாள். முடிவில் வரும்படி அவள் பதிந்திருந்ததை அவள் குரல் நிதானமாகச் சொன்னது: “புரியலையா? இன்னொரு தடவ பாரு. இந்த பஸ் போனா அடுத்தது வரும்.”

பேருந்து வந்தது. கருவி என் காதிலேயே இருக்க, அவள் பெயர்ப்பலகையை இரண்டு முறை பார்த்தாள். வாய்வரை வந்த “சீக்கிரம்” என்பதை விழுங்கிக்கொண்டேன்.