மூன்றாவது கை

"இந்தக் கையைக் கழுவி ஓரமா வைங்க. குமட்டுது" என்றாள் அவள்.

கறுப்புத் திரையில் ஆறு ஓட்டைகள். ஓட்டைக்கு ஒன்றாக ஆறு கைகள் மேசைமேல் நீண்டு கிடந்தன. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை வெள்ளைத் துணி உறை. மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் அகலத்துக்கு மட்டும் தோல் தெரிந்தது. ஒரு வாரமாக வாசனைச் சோப்போ பவுடரோ படாத தோல். அதன்மேல்தான் காலையில் ஆண்களுக்கான புது சென்ட்டை அடித்திருந்தார்கள்.

கைகளின் சொந்தக்காரர்கள் திரைக்கு அந்தப் பக்கம். ஆளைப் பார்த்துவிட்டால் மூக்கு பொய் சொல்லும் என்பது கம்பெனியின் கணக்கு. அவர்கள் வாயும் திறக்கக் கூடாது. வாயெல்லாம் அவளுக்கு மட்டும்தான்.

வழக்கமாக முகர்கிற ஆள் ஜலதோஷத்தில் படுத்துவிட்டதால் தலைமை அலுவலகத்திலிருந்து அவளை வரவழைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு மூக்கம்மா என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"முதல் கை தேவலை. எலுமிச்சை போயிடுச்சு, சந்தனம் நிக்குது. ரெண்டாவதுல புகையிலை தூக்கல். சாராயக்கடையில கணக்கு எழுதறவன் மாதிரி இருக்கு, ஆனா பொழுது சாயற வரைக்கும் தாங்கும். இந்த மூணாவது இருக்கே... ஒரே பாட்டில்தானே அடிச்சீங்க? இதுல மட்டும் புளிச்சுப் போயிருக்கு."

லேப் இன்சார்ஜ் தலையைச் சொறிந்தார். "காலையில நான் முகர்ந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு மேடம். நீங்க உள்ள வந்து பேச ஆரம்பிச்சதும்தான் அந்தக் கைக்கு வேர்க்க ஆரம்பிச்சுது."

"பொம்பளை குரலைக் கேட்டாலே வேர்க்குதா? நல்ல ஆளைப் பிடிச்சீங்க ஆம்பளை சென்ட்டுக்கு!"

ஐந்தாவது கை சிரிப்பில் லேசாகக் குலுங்கியது.

இன்சார்ஜ் அவள் காதருகே குனிந்தார். "ஆறு பேர்ல ஒருத்தரைக் கழிச்சிட்டு மீதிப் பேரை அடுத்த மூணு மாசத்துக்கு எடுக்கப் போறோம். இவரைக் கொஞ்சம் பார்த்து விடுங்க மேடம். படிச்ச மனுஷன். இருந்த வேலை போயிடுச்சு. வேற வேலை கிடைக்கிற வரைக்கும் இதைத்தான் நம்பியிருக்கார்."

அவர் கிசுகிசுத்ததற்கு அவள் உரக்கவே பதில் சொன்னாள்.

"படிச்சவனா? படிச்சிட்டுக் கையை வாடகைக்கு விடறானா? இதுக்குக் கழுதை மேய்க்கலாம்."

ஆண்களே ஒரு ரகம்தான் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அவள் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்த ஷேவிங் லோஷனைக் கொஞ்ச நாளாகத் தொடுவதே இல்லை. கேட்டால் எரிகிறதாம். இன்று காலையும் அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டுதான் ஆபீசுக்குக் கிளம்பியது. இருந்தாலும் அதற்கு ஒரு தனி அறை உண்டு, கதவில் ஒரு பெயர்ப் பலகை உண்டு. இப்படி ஓட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கிற பிழைப்பு இல்லை.

"ஒரு தடவை துடைச்சிட்டு, புதுசா அடிச்சுப் பார்த்துடலாமே மேடம்" என்று இழுத்தார் இன்சார்ஜ்.

"பாருங்க. உங்க ஆசையைக் கெடுப்பானேன்?"

ஈரத் துணியால் துடைத்து, காயவிட்டு, ஒரு முறை அடித்தார். அவள் கண்ணை மூடிக் குனிந்தாள். மூன்றாவது கை மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல அசையாமல் கிடந்தது. தோலில் பொட்டுப் பொட்டாக மறுபடி வேர்வை அரும்பியது.

"சான்ஸே இல்ல" என்று நிமிர்ந்தாள். "எத்தனை தோலை முகர்ந்த மூக்கு இது! தோலைக் காட்டினா ஆளோட வண்டவாளத்தையே சொல்லிடுவேன். இது பயந்தாங்கொள்ளித் தோல். எவன் அதட்டினாலும் தலையை ஆட்டுவான். வேலையை விட்டுத் துரத்தினப்பக்கூட தேங்க்ஸ் சொல்லிட்டு வந்திருப்பான். இவனைக் கட்டினவ எப்படித்தான் காலந்தள்றாளோ, பாவம்!"

"மேடம், அவருக்குக் கேக்குது..."

"கேக்கட்டும். அப்பவாவது ரோஷம் வருதான்னு பார்ப்போம். மூணாம் நம்பரை அடிச்சிடுங்க."

இன்சார்ஜ் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து மூன்றாம் எண்ணின் மேல் கோடு போட்டார்.

"மூணாவது கை உள்ள போகலாம்" என்றாள்.

போகவில்லை.

"உங்களைத்தான். கையை எடுங்க."

கை பின்வாங்கவில்லை. மெல்லப் புரண்டு, உள்ளங்கையை மேலே காட்டி, மேசைமேல் அவள் பக்கமாக இன்னும் கொஞ்சம் நீண்டது.

"பார்த்தீங்களா லட்சணத்தை? பிச்சைக்கு வந்துட்டான்!" அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "இங்க ஒண்ணும் கிடைக்காது. கிளம்பு."

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். விதியை மீறி மூன்றாவது கை முதன்முறையாகப் பேசியது.

"வீட்டுச் சாவியைக் குடு, நான் முன்னாடி போறேன்."