உப்புக் கிடங்கின் இடிதாங்கி

மூன்றாவது இடிக்கு மண்ணாங்கட்டி ஓட்டமாகக் குடிசைக்கு வந்து சேர்ந்தான். உள்ளே பெண்சாதியும் இல்லை, கைக்குழந்தையும் இல்லை.

"கெங்கம்மா உப்புக் கிடங்குக்குப் பூட்டாண்ணா. குப்பமே அங்கதான் கீது" என்று சொல்லிக்கொண்டே பக்கத்துக் குடிசைப் பூவம்மாவும் அந்தப் பக்கமாக ஓடினாள்.



போன ஐப்பசியில் இடி விழுந்தது இந்தக் குடிசை வாசலில்தான். அங்கே நின்றிருந்த மூத்த மகளைக் கத்திவாக்கத்து மணலில் புதைத்துவிட்டு வந்தார்கள்.

அதற்கு அடுத்த மாதம் கிடங்கு முதலாளி தம் கட்டடத்துக்கு இடிதாங்கி வைத்தார். உச்சியில் ஈட்டி மாதிரி ஒரு கம்பி. அதிலிருந்து பின்சுவர் வழியாக மண்ணுக்குள் இறங்கும் செம்புப் பட்டை.

அந்த வேலைக்கு மண் வெட்டியவன் மண்ணாங்கட்டி. பட்டை எத்தனை முழம், குழி எத்தனை ஆழம், எல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

பத்து நாளைக்கு முன்பு, காவல்காரன் தமீம் மத்தியானச் சோற்றுக்குப் போன நேரத்தில், அந்தப் பட்டையை அவன் கழற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

விற்பதற்கு அல்ல. தன் குடிசைக் கூரை ஓலைக்குள் மறைத்து, முகட்டு மூங்கிலிலிருந்து பின்பக்க மண்ணில் மூன்று முழம் இறக்கினான். கெங்கம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு வாய் நிற்காது. பிறகு ஜெயில்தான்.

இப்போது அவள் அங்கே. பட்டை இங்கே. கிடங்கு உச்சியில் கம்பி மட்டும்; அதில் விழும் இடி மண்ணுக்குப் போக வழி இல்லை.

மழையில் ஓடினான்.

கிடங்கு வாசலில் தமீம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "வா மாமு, வா! மேல வெள்ளைக்காரன் கம்பி கீது. இடி வந்தா நமக்கு சலாம் போட்டுட்டு மண்ணுக்குள்ள பூடும்!"

உள்ளே முப்பது பேராவது இருப்பார்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள்.

கெங்கம்மா உப்பு மூட்டையில் சாய்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் காதோரம் குனிந்தான்.

"எழுந்திரிமே. வூட்டுக்குப் போலாம்."

"இன்னாய்யா, பைத்தியமா புட்ச்சிக்கீது? ஒண்ணத் தூக்கிக் குட்த்தது போதாதா?"

வேறு வழியில்லை. சொல்லிவிட்டான். கழற்றியது, சுமந்து வந்தது, ஓலைக்குள் சொருகியது, ஒன்றன்பின் ஒன்றாக, அவள் காதுக்கு மட்டும்.

திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"அதுவாய்யா இது?" என்றாள். "காத்தால ஒழுகுதேன்னு ஓலைல கைய வுட்டேன். நீட்டுக்கும் செம்பு. மழ நாள்ல இது கூரைல இருந்தா இடியக் கூப்டுமேன்னு, அடியோட புடுங்கி ஆத்துல வீசிட்டேன்."

மண்ணாங்கட்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

வெளியே யாரோ கூப்பிட்டார்கள். கடைசிக் குடிசை வேம்புவும் அவன் பெண்சாதியும் நாலு பிள்ளைகளோடு நனைந்துகொண்டு கிடங்கைப் பார்த்து ஓடி வந்தார்கள்.

தமீம் அவர்களுக்காகக் கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டான்.