தண்ணீருக்கு மேலே

எங்கள் திருச்சபை ஆண்கள் நாங்கள் வருடந்தோறும் தென் கரோலினாவுக்கு கோல்ஃப் ஆடப் போவோம். "இந்த வருஷம் வீட்டுல இருங்களேன்" என்று பாஸ்டர் டெல்மர் எவ்வளவோ சொல்லியும் சபையின் மூத்தவர் ஆர்வில் கேட்கவில்லை. எழுபத்தொரு வயதில், பஸ்ஸில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டார்.

பன்னிரண்டாவது குழிக்குக் குறுக்கே பெரிய குளம். அவருக்கு நான்தான் பந்தை வைத்தேன்.

"பிரதர், இடது பக்கமா புல்தரையில தட்டி விடுங்க" என்றேன்.

"தட்டுறதுக்கா எட்டு மணி நேரம் பஸ்ல வந்தேன்? நேரா தண்ணிக்கு மேலதான்."

"ரொம்ப தூரம் பிரதர்" என்றார் பாஸ்டர்.

"தூரம் எனக்குத் தெரியும். நகருங்க!"

மட்டையை ஓங்கி அடித்தார். பந்து நடுக்குளத்தில் விழுந்தது.

"எங்க விழுந்துச்சு?" என்று கேட்டார் ஆர்வில்.

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "அக்கரையில, குழிக் கொடிக்குப் பக்கத்துல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

ஆர்வில் சிரித்துவிட்டார். "பொய் சொல்லக்கூடாதுன்னு காலைல தியானம் நடத்தின வாயா இது? எனக்குப் போனது ரெண்டு கண்ணுதான் பாஸ்டர், காது நல்லாத்தான் இருக்கு. 'தொபுக்'னு கேட்டுச்சு. இன்னொரு பந்தை வைங்க!"